தரை பளபளத்த கல்லூரி

மின்னல் என்று அவளுக்குப் பெயர் வைத்தது கூட வேலை பார்க்கிற பெண்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஒரு மாடி முழுக்கக் கூட்டி, துடைத்து, குப்பைத் தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டு அவள் படியிறங்கும்போது மற்றவர்கள் வாளியில் தண்ணீர்கூடப் பிடித்து முடித்திருக்க மாட்டார்கள். உட்கார்ந்தால் உடம்பு வலிக்கும் என்பாள். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டுதான் வருவாள். வீட்டில் டீயைக்கூட நடந்துகொண்டே குடிப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு புதன்கிழமை காலை, வேலை நேரத்தில், கல்லூரி லேப்பின் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள் என்றால் விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

அவள் வேலை பார்த்த துப்புரவுக் கம்பெனி அவளை இரண்டு இடங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. காலை ஏழிலிருந்து ஒன்று வரை ஒரு கல்லூரி. இரண்டிலிருந்து ஆறு வரை, அரை மணி தள்ளி, இன்னொரு கல்லூரி. இரண்டிலும் ஒரே படிப்புக்குத்தான் ஆள் சேர்த்தார்கள். பல் பிடுங்குகிற டாக்டர் படிப்பு இல்லை. டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அந்த அளவுக்குப் பல் செட் கட்டித்தர ஒரு ஆள் வேண்டுமல்லவா, அந்த ஆளுக்கான இரண்டு வருடப் படிப்பு.

காலைக் கல்லூரி ஆறு மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி. பெண்கள் அதைக் கண்ணாடிக் காலேஜ் என்றார்கள். நாலாவது மாடியில் இருந்த பல் லேப்பை மின்னல் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுவாள். ஈரத் துணியை ஒரு இழுப்பு இழுத்தால் தரையில் முகம் தெரியும். சாயங்காலக் கல்லூரி ஒரு பழைய சரக்குக் கிடங்கு. அதற்கு மாவு காலேஜ் என்று பெயர். பல்லுக்கு அச்சு வார்க்கிற வெள்ளை மாவு அந்தக் கட்டடத்தில் இல்லாத இடமில்லை. சுவிட்சில் மாவு, கைப்பிடியில் மாவு, கடிகாரத்தின் முள்ளில் மாவு. அதுவும் சமையல் மாவா என்ன, கழுவினால் போக? தண்ணீர் பட்டால் பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும். ஒவ்வொரு சிங்க்குக்கு அடியிலும் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள், மாவு குழாய்க்குள் போய் அடைக்காமல் அதில் தங்குவதற்கு. வெள்ளிக்கிழமைதோறும் மின்னல் அந்தப் பெட்டிகளைத் திறந்து கத்தியால் சுரண்டுவாள். இரண்டு வாளி சேறு வரும். நகக்கண் வெடித்து எரியும். மாவை மூலையிலிருக்கும் தொட்டியில் கொட்ட வேண்டும், சிங்க்கில் ஊற்றக் கூடாது என்று சுவரில் எழுதியே இருந்தது. யார் படித்தார்கள்?

"சிங்க்ல மாவ ஊத்துன கையத் தூக்கு பாப்போம்" என்று வெள்ளிக்கிழமைதோறும் கத்தியோடு லேப்பின் நடுவில் நின்று கேட்பாள். பிள்ளைகள் எல்லாரும் மேற்கூரையைப் பார்ப்பார்கள். இத்தனை வருடத்தில் ஒரு கை எழுந்ததில்லை.

இப்படி இரண்டு கல்லூரியையும் உள்ளங்கை மாதிரி தெரிந்தவள் வீட்டிலேயே ஒரு பெண் அந்தப் படிப்பைத்தான் படிப்பேன் என்று நின்றால், எந்தக் கல்லூரி என்று முடிவு செய்வது யார்? மின்னல்தான் செய்தாள். வேறு யாரையும் வாயைத் திறக்க விடவில்லை.

மகளுக்கு அந்த ஆசை வந்த கதை அவள் அப்பாவின் பல்லிலிருந்து தொடங்கியது. அவர் வேன்காரர். கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் தண்ணீர் கேன் போடுகிறவர். நாற்பத்து மூன்று வயதிலேயே ஈறு கெட்டு மேல்வரிசை முழுக்க எடுத்துவிட்டார்கள். கட்டிக்கொடுத்த செட் இடது பக்கம் ஈறை அறுத்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கும் போலீஸ்காரருக்கும் மட்டும் எடுத்து மாட்டிக்கொள்வார். தெருவில் அவருக்குப் பாக்கெட் பல் என்றே பெயர். பதினைந்து வயதில் மகள் ஒரு காரியம் செய்தாள். அத்தையின் உதட்டுச் சாயத்தை வாங்கி, அப்பாவின் ஈறில் புண்ணான இடத்தில் தொட்டு வைத்து, செட்டை மாட்டி ஒருமுறை கடிக்கச் சொன்னாள். கழற்றிப் பார்த்தால் உறுத்துகிற இடத்தில் சிவப்பு ஒட்டியிருந்தது. அந்த இடத்தை மட்டும் நகம் ராவுகிற அரத்தால் தேய்த்தாள். தேய்ப்பதும் மாட்டுவதும் கழற்றுவதுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. சாயங்காலம் அவர் வறுத்த கடலை ஒரு பிடி தின்றார். மூன்று வருடம் கழித்துக் கடலை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனிதருக்கு. பையில் போடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. வேன் ஓட்டும்போது பல் இருந்தால் கவனம் சிதறுகிறதாம்.

பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போக இரண்டு கல்லூரிகளும் ஒரு நாள் கதவைத் திறந்துவைத்தன. மகள் இரண்டுக்கும் போனாள். கண்ணாடிக் காலேஜில் பழச்சாறும் ஒரு பேனாவும் கொடுத்தார்கள். மாவு காலேஜில் ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்து, கலக்கு என்று சொல்லிவிட்டார்கள். பாவாடை முழுக்க வெள்ளைத் திட்டோடு, வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, நான் அங்கதான் சேருவேன்."

"எங்க? அந்தக் குப்பையிலயா?" மின்னல் பாவாடையைப் பிடுங்கி வாளியில் போட்டாள். "நான் நாலு மணி நேரம் அதுல புரண்டு எழுந்து வரேன், போதாதா? குடும்பமே புரளணுமா? கண்ணாடிக் காலேஜப் பாரு. அந்தத் தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்."

"படிக்கப் போறாளா, சோறு திங்கப் போறாளா?" என்றார் வேன்காரர்.

"நீங்க பல்லப் பையில வச்சுக்கிட்டுப் பேசாதீங்க."

மகள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுதாள். திங்கட்கிழமை முகத்தைக் கழுவிக்கொண்டு அம்மாவோடு போய், பள்ளிச் சான்றிதழ்களின் அசலை எல்லாம் கண்ணாடிக் காலேஜ் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். மின்னலுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. தன் பெண் இனி அழுக்குப் படாமல் பிழைப்பாள் என்று பஸ் கண்டக்டரிடம்கூடச் சொன்னாள்.

புதன்கிழமை காலை சூப்பர்வைசர் வந்தான். "அக்கா, வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு ஆள் வராங்களாம். நாலாவது மாடி லேப்ல சிங்க் அடியில இருக்கிற பெட்டியெல்லாம் திறந்து கழுவிடுங்க."

இத்தனை நாளில் யாரும் சொல்லாத வேலை. அவளும் கேட்காத வேலை. ஐயோ, பத்து சிங்க் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, இரண்டு வாளி, கத்தி, சுரண்டி, கோணிப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். கையுறையை இழுத்து மாட்டி, முதல் சிங்க்கின் அடியில் நுழைந்து மூடியைத் திருகினாள்.

உள்ளே மாவு இல்லை. ஒரு பாலித்தீன் பை இருந்தது. பைக்குள் நாலு திருகாணியும், பெட்டியை எப்படிப் பொருத்துவது என்று படம் போட்ட காகிதமும். பெட்டியின் சுவர் கடையில் வாங்கியபடி பளபளவென்று இருந்தது. இரண்டாவதில் ஒரு சிலந்தி. மூன்றாவதில் அதுவும் இல்லை. பத்தையும் திறந்தாள். பத்திலும் ஒரு சிட்டிகை வெள்ளை கிடையாது.

அப்போதுதான் உட்கார்ந்தாள்.

இந்த லேப் திறந்து இரண்டு வருடம். முப்பது பேர் உள்ளே வந்து படித்து வெளியே போயிருக்கிறார்கள். முப்பது பேர் இரண்டு வருடம் அச்சு வார்த்திருந்தால் இந்தப் பெட்டிகளைக் கடப்பாரை போட்டல்லவா திறந்திருக்க வேண்டும்? எழுந்து போய் மேசை மேலிருந்த தேய்ப்பு மெஷின்களைப் பார்த்தாள். அவற்றின் முனைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. இரண்டு வருடமாக அந்த உறையின் மேல் தூசி தட்டியது அவள்தான். மறுபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ரேடியோ கதவருகில் வந்து நின்றாள். மூன்றாவது மாடி பார்க்கிற பெண். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர்.

"என்னக்கா உக்காந்திருக்கீங்க? உடம்புக்கு முடியலையா? நீங்க உக்காந்து நான் பாத்ததே இல்லையே. டீ கொண்டு வரவா?"

"இந்த லேப்ல பசங்க என்னடி பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க, திரையில படம் போடுவாங்க, பாத்து எழுதிக்குவாங்க. அப்பப்ப வெள்ளைக் கோட்டப் போட்டுக்கிட்டு மெஷின் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க."

"கையால எதுவும் செய்ய மாட்டாங்களா?"

"செஞ்சா அழுக்காகுமே. நமக்குத்தான் வேலை. எதுக்குக்கா அந்தக் கவலை நமக்கு? நீங்கதான சொல்வீங்க, கோயில் மாதிரி இருக்குன்னு."

"சொன்னேன்" என்றாள் மின்னல். "என் பொண்ணுகிட்டயும் சொன்னேன்."

ரேடியோ வாய் மூடி நின்றது அன்றைக்குத்தான்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி. மாவு காலேஜின் நுழைவாயிலில் ஒட்டியிருந்த நோட்டீஸ் மின்னலுக்கு மனப்பாடம். நேற்று அதன் மேல் படிந்திருந்த மாவைத் துடைத்ததே அவள்தான். புதன்கிழமை மாலை நான்கு மணியோடு சேர்க்கை முடிகிறது என்று போட்டிருந்தது. விட்டால் அடுத்த வருடம். சான்றிதழ்களோ இங்கே பூட்டிய அலமாரியில்.

படிக்கட்டின் திருப்பத்தில் நின்று மகளுக்கு போன் போட்டாள்.

"என்னம்மா, வேலை நேரத்துல?"

"நீ மாவு காலேஜ்லயே சேந்துடு."

"என்ன சொன்ன?"

"நாலு மணிக்குள்ள சேரணும். கிளம்பி இங்க வா. சர்டிபிகேட்ட வாங்கிட்டுப் போயிடலாம்."

"ஞாயித்துக்கிழமை நான் அவ்வளவு அழுதேன், அப்ப என்ன சொன்ன? தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்னு சொன்ன. இப்ப என்ன, தரை உடஞ்சிடுச்சா?"

"நான் தப்பாப் பாத்துட்டேன்டி."

"நீயா? நீ என்னைக்குத் தப்புன்னு ஒத்துக்கிட்ட?"

"இன்னைக்கு."

"நான் மனசத் தேத்திக்கிட்டேன்ம்மா. நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுட்டேன். நீ ஒரு நாள் அங்க போன்னு சொல்லுவ, மறுநாள் இங்க வான்னு சொல்லுவ. என்னப் பந்துன்னு நெனச்சியா?" போனை வைத்துவிட்டாள்.

மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மூன்றாம் முறை அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரிப் பக்கம். இன்னும் முப்பது கேன் இறக்கணும்."

"கேன அப்புறம் இறக்கலாம். வீட்டுக்குப் போய் அவளக் கூட்டிக்கிட்டு வாங்க. இங்க சிங்க்ல மாவே இல்லங்க."

"சிங்க்ல மாவு இல்லன்னா நான் என்ன பண்றது?"

அவள் சொன்னாள். கடைசியில், "வராளோ இல்லையோ, போய்க் கேக்கறேன்" என்றார். "உன்ன மாதிரிதான அவளும். ஒண்ணு நெனச்சா நெனச்சதுதான்."

அதற்குப் பிறகு அவள் அலுவலகத்துக்குப் போனாள். சேர்க்கையைப் பார்த்துக்கொள்கிற மேடம் கணினியிலிருந்து தலையை எடுத்தாள். மின்னல் துடைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக் காலை மேலே தூக்கிக்கொண்டாள்.

"துடைக்க வரல மேடம். என் பொண்ணு சர்டிபிகேட் திருப்பி வேணும்."

"ஏன்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன். உங்க சிங்க்ல மாவு இல்ல."

"நல்லதுதான? நீங்கதான சுத்தம் பண்றீங்க."

"நான் பண்ணல மேடம். பண்ண வேண்டி வரவே இல்ல. ரெண்டு வருஷமா."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கெட்டவள் இல்லை அவள். மழைக்காலத்தில் துப்புரவுப் பெண்களுக்குத் தன் அறையில் துணி காயப்போட இடம் கொடுத்தவள்.

"கதவச் சாத்துங்க. உள்ளத உள்ளபடி சொல்றேன். எங்க பசங்க பல் செட் கட்றதில்ல. கட்ற மெஷின விக்கப் போறாங்க. டாக்டர்கிட்ட போய்ப் பேசணும், படம் காட்டணும், ஆர்டர் வாங்கணும். போன தடவ முப்பது பேர்ல இருபத்தாறு பேருக்கு வேலை கிடைச்சுது. அதுவும் மரியாதையான வேலைதான். நான் யாரையும் ஏமாத்தல, கேக்கறவங்களுக்குச் சொல்லிட்டுத்தான் இருக்கேன். உங்க பொண்ணுக்கு எது வேணும்னு நீங்க கேட்டீங்களா?"

மின்னல் கையிலிருந்த துணியால் மேசை விளிம்பைத் துடைத்தாள்.

"அலமாரிச் சாவி பிரின்சிபால்கிட்ட இருக்கு. மீட்டிங்குக்குப் போயிருக்கார், ரெண்டரைக்கு மேலதான் வருவார். பொண்ணு நேர்ல வந்து எழுதிக் கொடுக்கணும். காரணம் சரியா இருந்தா இன்னைக்கே கொடுத்துடலாம். இல்லன்னா ஒரு வாரம் ஆகும்."

வெளியே காற்று அனலாக அடித்தது. வானம் மூட்டமாக இருந்ததே தவிர ஒரு துளி விழவில்லை. மின்னல் மூன்றாவது முறையாக அதே வராந்தாவைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைக்கிறீர்களே என்று காவலாளி கேட்டபோது, உங்க வேலையப் பாருங்க என்று விழுந்தாள். ஒரு மணிக்கு மணி அடித்தது. அவள் இரண்டு மணிக்கு அடுத்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சூப்பர்வைசருக்கு, வர முடியாது என்று ஒரு வரி அனுப்பினாள். ரேடியோ கொண்டுவந்து கொடுத்த ரொட்டியை வாசலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்தபடி தின்றாள். பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஒன்றரை. இரண்டு. இரண்டு முப்பத்தைந்து. பிரின்சிபால் கார் வந்தது. வேன் வரவில்லை.

வராவிட்டால் போகட்டும், அவள் வாழ்க்கை என்று ஒரு நிமிடம் நினைத்தாள். மறு நிமிடம், வந்துவிடு தாயே என்று வாய்விட்டே சொன்னாள்.

இரண்டே முக்காலுக்குத் தண்ணீர் வேன் வந்து நின்றது. கேன்கள் உள்ளே தளும்பிக்கொண்டிருந்தன. மகள் இறங்கினாள். தலைகூடச் சீவவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "எங்க போகணும்?" என்று மட்டும் கேட்டாள். வேன்காரர் சட்டைப் பையிலிருந்து பல்லை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். அலுவலகம் என்றால் பல் கட்டாயம். படியேறும்போதே, மேடம் சொன்னதையெல்லாம் மின்னல் மூச்சுவிடாமல் மகளிடம் சொல்லி முடித்தாள்.

மேடம் ஒரு தாளை மகளின் முன் தள்ளினாள். "காரணம்னு இருக்கு பாரு, அதுல என்ன எழுதப் போற? உங்க அம்மா சொன்னாங்கன்னு எழுத முடியாது."

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மின்னலின் நாக்கு நுனியில் பத்துப் பதில் நின்றது. அவள் கையிலிருந்த துடைக்கிற துணியை முறுக்கினாள், விட்டாள், மறுபடி முறுக்கினாள். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அவள் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

"எனக்குப் பேசி விக்க வராது மேடம்" என்றாள் மகள் மெதுவாக. "கையால செய்யறது வரும்னு நெனைக்கறேன்."

"நெனைக்கறதுன்னா? தெரியாம எப்படிச் சொல்ற?"

வேன்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். வாயில் கைவைத்து, கடகடவென்று செட்டைக் கழற்றி, மேடத்தின் மேசை மேல், காகிதங்களுக்கு நடுவில் வைத்தார்.

"ஏங்க" என்று மின்னல் பதறினாள்.

"இத இவதான் தேச்சா" என்றார். பல் இல்லாததால் பாதி காற்றாகத்தான் வந்தது. "பதினஞ்சு வயசுல. நகம் தேய்க்கிற அரத்துல. டாக்டர் மூணு தடவ பாத்தும் சரியாகல."

மேடம் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். ஆனால் குனிந்து பார்த்தாள். பேனா முனையால் செட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். இடது பக்கம் உள்ளே, நெல்மணி அளவுக்கு ஒரு இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"எந்த இடத்துல தேய்க்கணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

"உதட்டுச் சாயம் வச்சேன்." மகள் சொல்லத் தொடங்கினாள். முதலில் மேசையைப் பார்த்துத்தான் பேசினாள். ஈறில் தொட்டது, கடிக்கச் சொன்னது, சிவப்பு ஒட்டியது, அதிகம் தேய்த்துவிட்டால் செட் தளர்ந்துவிடும் என்று பயந்து நாலு தேய்ப்புக்கு ஒருமுறை மாட்டிப் பார்த்தது என்று சொல்லிக்கொண்டே போனாள். கைகள் தாமாகக் காற்றில் தேய்த்துக் காட்டின. மின்னல் அந்தக் கதையை அடுப்படியிலிருந்து காதில் வாங்கியிருக்கிறாளே தவிர, நின்று கேட்டது அன்றைக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவள் இப்படி உட்கார்ந்திருந்தாளே, அப்போது நான் என்ன கூட்டிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அதையே எழுது" என்றாள் மேடம். சாவியை வாங்கிவர எழுந்தவள் கதவருகில் நின்று, "முதல்ல இத வாயில வைங்க" என்றாள் வேன்காரரிடம்.

மூன்று இருபதுக்கு வேன் கிளம்பியது. முன்னிருக்கையில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். சான்றிதழ் உறையை மகள் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். முப்பது கேன் தண்ணீர் பின்னால் இடித்துக்கொண்டு வந்தது. சிக்னலுக்குச் சிக்னல் மின்னல் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, முன்னாலிருந்த வண்டிகளையெல்லாம் திட்டினாள்.

"நீ திட்டினா சிக்னல் மாறாது" என்றாள் மகள்.

வேனில் ஏறியதிலிருந்து அம்மாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. மின்னல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மாவு காலேஜ். எழுத்தர் பூட்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார். "என்னக்கா, ரெண்டு மணிக்கு வராம இப்ப வரீங்க? குடும்பத்தோட வேற" என்றவர், விஷயம் தெரிந்ததும் படிவத்தை எடுத்து நீட்டினார். "இடம் ஒண்ணு இருக்கு. ஆனா நாலு மணிக்குள்ள சார் கையெழுத்து வேணும். சார் லேப்ல இருக்கார்."

மூவரும் லேப்புக்கு ஓடினார்கள். மாவு சார் என்று எல்லாரும் சொல்கிற வாத்தியார் ஒரு ரப்பர் கிண்ணத்தில் வேகவேகமாகக் கலக்கிக்கொண்டிருந்தார். முழங்கை வரை வெள்ளை.

"சார், ஒரு கையெழுத்து" என்றாள் மின்னல்.

"முடியாதும்மா. தண்ணி விட்டாச்சு."

"நாலு மணிக்கு முடிஞ்சிடும் சார்."

"இது அதுக்கு முன்னாடி இறுகிடும். இப்ப விட்டா காலையிலிருந்து செஞ்ச வேலை போச்சு." நிமிராமலே சொன்னார். "சும்மா நிக்கற பொண்ணு யாரு? அந்த அச்ச எடுத்துப் புடி. லேசாத் தட்டிக்கிட்டே இரு, காத்துக் குமிழ் வெளிய வரணும்."

மகள் உறையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அச்சைப் பிடித்தாள். சார் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். மாவு வழுக்கிக்கொண்டு பள்ளம் பள்ளமாக நிறைந்தது. சின்னச் சின்னக் குமிழ்கள் மேலே வந்து உடைந்தன. சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தாறு. முள்ளில் ஒட்டியிருந்த மாவு வழியாக மின்னல் அதை வெறித்துப் பார்த்தாள். ஊற்றி முடித்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் ஏற்கெனவே இறுகியிருந்த ஒன்றை சார் அசைத்து அசைத்துப் பிரித்தார். வெள்ளை வெளேரென்று ஒரு முழுத் தாடை வெளியே வந்தது. ஈறின் மேடும், ஒரு பல் விழுந்த குழியும், முன்பல்லின் கோணலும் அப்படியே. யாரோ ஒரு மனிதரின் வாய்.

இத்தனை வருடமும் அவள் பார்த்தது தரையில் விழுந்த மாவை மட்டும்தான். விழாத மாவு என்ன ஆகிறது என்று அவள் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு சார் கையைக்கூடத் துடைக்காமல் கையெழுத்துப் போட்டார். படிவத்தின் மூலையில் ஒரு வெள்ளைக் கட்டைவிரல் பதிந்தது. எழுத்தர் அதை ஊதிவிட்டு ஃபைலில் வைத்தார்.

கண்ணாடிக் காலேஜ் வேலை மின்னலுக்குப் போய்விட்டது. கடைசி நேரத்தில் சாயங்கால வேலைக்கு மட்டம் போட்டதற்காக, சூப்பர்வைசர் அவளை நாள் முழுக்க மாவு காலேஜுக்கே மாற்றிவிட்டான். அவனைப் பொறுத்தவரை அது தண்டனை. உண்மையைச் சொன்னால் முதல் வாரம் அவளுக்கும் தண்டனையாகத்தான் இருந்தது. கல்லூரி திறப்பதற்கு முந்தின நாள் மகள் சொன்னாள்: "அம்மா, அங்க நீ என்னையும் மத்த பிள்ளைங்க மாதிரியேதான் பாக்கணும்."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன். அங்க வந்து அம்மா, தண்ணி கொடுன்னு நிக்காத."

ஆறு வாரம் இருவரும் வாசலில் ஒருவரையொருவர் பார்க்காதது போலவே கடந்து போனார்கள்.

ஏழாவது வாரம் வெள்ளிக்கிழமை, மின்னல் மூன்றாவது சிங்க்கின் பெட்டியைத் திறந்தாள். கத்தி இறங்கவில்லை. கல். இரண்டு கையாலும் அழுத்தினாள், நகக்கண் வெடித்தது. கோபம் உச்சிக்கு ஏறியது. வெளியே வந்து லேப்பின் நடுவில் நின்றாள்.

"மூணாவது சிங்க்ல மாவ ஊத்துன கையத் தூக்கு பாப்போம்."

இருபத்தைந்து பேரும் மேற்கூரையைப் பார்த்தார்கள்.

அப்புறம் ஜன்னலோரத்தில் ஒரு கை எழுந்தது. முழங்கை வரை வெள்ளை. விரலிடுக்கில் மாவு காய்ந்து வெடித்திருந்தது.

மின்னலின் வாயோரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. அதை யாரும் பார்த்துவிடுவதற்குள் அவள் தொடங்கினாள். "தொட்டி எதுக்கு வச்சிருக்கு, அழகுக்கா? சுவத்துல எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? படிக்க வந்தவதான நீ? இத இப்ப யாரு பேத்தெடுக்கறது?" மூச்சு வாங்கினாள். "இதக்கூட உங்க அம்மா உனக்குச் சொல்லிக் கொடுக்கலையா?"

"அவங்களுக்கு வேலை அதிகம்க்கா" என்றாள் மகள். "இனிமே தொட்டியிலயே போடறேன்."

மின்னல் திரும்பிப் போய் சிங்க்குக்கு அடியில் நுழைந்துகொண்டாள். காலை நீட்டி உட்கார்ந்தாள். கத்தியை எடுத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள். அன்றைக்கு அந்த ஒரு பெட்டியைச் சுத்தம் செய்ய அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.